கப்பலேறிய விலங்குகள்: உலகத்து மான்களும் நெடுந்தீவின் குதிரைகளும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதை வாசித்து 1963இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்கிறது அந்த ஆணை. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. அடுத்து உடைந்த கப்பல்களைப் பற்றிய விதி வருகிறது. சாதாரணச் சரக்கு ஏற்றிவந்த கப்பல் கரையில் உடைந்தால் பாதி அரசுக்கு, பாதி உடையவனுக்கு. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் அரசுக்குக் கால் பங்கு மட்டும். முக்கால் பங்கு உடையவனுக்கே.

பட்டுக்கும் மட்பாண்டத்துக்கும் இல்லாத சலுகை விலங்குக்குக் கிடைத்திருக்கிறது. யானை, குதிரை ஏற்றிய கப்பல் பெரும் ஆபத்தோடு வருவது. அந்த வணிகன் ஒருமுறை நொடித்துப்போனால் மறுமுறை இந்தத் துறைக்கு வரமாட்டான். அவன் வராவிட்டால் படைக்குக் குதிரை இல்லை. அரசு இந்தக் கணக்கைத் தெளிவாகப் போட்டிருக்கிறது. விலங்குகளைக் கடல் கடத்துவது எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தீவுகளில் சட்டம் இயற்றும் அளவுக்குப் பெரிய தொழிலாக இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

ஒரு விலங்கு எங்கே வாழ்கிறது என்பதை மண்ணும் மழையும் மட்டும் தீர்மானிப்பதாக நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அரசர்களின் விருப்பமும் வணிகர்களின் இலாபமும் குடியேறியவர்களின் பசியும் அதே அளவுக்கு அதைத் தீர்மானித்திருக்கின்றன. உலக அளவில் இதற்கு நன்றாக ஆராயப்பட்ட உதாரணம் மான். யாழ்ப்பாணத் தீவுகளில் அதற்கு இணையானது நெடுந்தீவின் குதிரை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நெடுந்தீவில் இன்று நாம் என்ன செய்யவேண்டும் என்பது விளங்கும்.

நடந்து வந்தவையும் கொண்டுவரப்பட்டவையும்

இலங்கையின் புள்ளிமானும் மரையும் கப்பலில் வந்தவை அல்ல. கடந்த பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை ஆழமற்ற கடல். அது அப்போது தரையாகவே கிடந்தது. மான், மரை, யானை, சிறுத்தை எல்லாம் இந்தியப் பெருநிலத்திலிருந்து நடந்து வரக்கூடிய காலம் அது. பனி உருகிக் கடல் ஏறியபின் இலங்கை தனித்தீவாயிற்று. இங்கே நின்றுவிட்டவை இங்கேயே பெருகின. வன்னிக் காட்டின் புள்ளிமான் இந்த மண்ணின் பழங்குடி.

ஆனால் எல்லாத் தீவு மான்களின் கதையும் இப்படி அல்ல. மத்தியதரைக் கடலிலுள்ள சைப்பிரஸ் தீவுக்கு அண்மைக் காலப் பனியுகம் எதிலும் தரைப்பாலம் இருந்ததில்லை. ஆயினும் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதிய கற்காலக் குடியிருப்புகளில் பாரசீக டமா மானின் எலும்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அறுபது கிலோமீற்றருக்கு மேற்பட்ட கடலை மான் தானாக நீந்திக் கடந்திருக்க வழியில்லை. அந்தக் காலத்து மனிதர் உயிருள்ள மான்களைக் கட்டிப் படகில் ஏற்றித்தான் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆடும் மாடும் பன்றியும் கூடவே போயின. ஆடு மாடு பட்டியில் வளர்ந்தது. மானைக் காட்டில் விட்டு, பெருகியபின் வேட்டையாடினார்கள். புதிய தீவில் குடியேறப்போகிறவன் விதைநெல்லை எடுத்துச் செல்வதுபோல இவர்கள் வேட்டையையும் கையோடு கொண்டுபோனார்கள்.

அயர்லாந்தின் செம்மான்களும் இப்படித்தான். மரபணு ஆய்வும் எலும்புகளின் காலக்கணிப்பும் சேர்ந்து, இன்று அங்கே வாழும் பழைய செம்மான் கூட்டம் புதிய கற்கால மனிதர் கொண்டுவந்ததன் வழித்தோன்றல் என்று 2012இல் காட்டின. ஸ்கொட்லாந்துக்கு அப்பாலுள்ள ஓர்க்னி, வெளி ஹெப்ரிடிஸ் தீவுகளின் பழைய செம்மான் எலும்புகள் 2016இல் ஆராயப்பட்டன. மிக அருகிலுள்ள ஸ்கொட்லாந்துப் பெருநிலத்து மான்களோடு அவை மரபணுவில் ஒத்துப்போகவில்லை. அப்படியானால் மான்களோடு மனிதர் கடந்த கடல் நாம் நினைத்ததைவிட நீளமானது.

பல்லில் படிந்திருக்கும் ஊர்

இவற்றையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நமக்குப் பயன்படும். விலங்கின் பல் உருவாகும்போது அது குடித்த நீரிலும் தின்ற புல்லிலும் இருந்த ஸ்ட்ரொன்சியம் போன்ற மூலகங்கள் பல்லின் வெளிப்பூச்சில் தங்கிவிடுகின்றன. ஒவ்வொரு மண்ணுக்கும் பாறைக்கும் அந்த மூலகங்களின் சமதானிகளின் விகிதம் வேறு. ஆகவே எலும்பு தோண்டி எடுக்கப்பட்ட இடத்தின் விகிதத்தோடு பல்லின் விகிதத்தை ஒப்பிட்டால், அந்த விலங்கு அங்கேயே பிறந்ததா, வெளியூரிலிருந்து வந்ததா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இங்கிலாந்தின் தென்கரையில் ஃபிஷ்போர்ன் என்ற இடத்தில் கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானிய மாளிகை ஒன்று அகழப்பட்டது. அங்கே கிடைத்த டமா மானின் தாடை எலும்புகளை நயோமி சைக்ஸ் என்ற தொல்விலங்கியலாளரும் அவருடைய குழுவினரும் இந்த முறையில் ஆராய்ந்தார்கள். ஒரு மான் குட்டியாக வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டிருந்தது. மற்றது அங்கேயே வளர்ந்தது. அதாவது, அலங்காரத்துக்காக ஒன்றிரண்டைக் கொண்டுவந்ததோடு நிற்கவில்லை, இனப்பெருக்கம் செய்யும் கூட்டத்தையே அமைத்திருந்தார்கள். வேலியிட்ட தோட்டத்தில் மான், முயல் வளர்ப்பது உடையவரின் சிறப்புக்கும் இன்பத்துக்கும் உதவும் என்று உரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா அதே நூற்றாண்டில் எழுதினார். தொலைதூரத்து மான் இனம் பேரரசின் மேற்கெல்லை வரை போனதற்குப் பசி காரணம் அல்ல, பெருமை.

உரோமானியர் போனபின் பிரித்தானியாவில் அந்த மான்கள் அழிந்தன. ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டில் அதே இனம் மறுபடியும் கொண்டுவரப்பட்டது. இந்த இரண்டாம் வருகை வேறொரு மூலத்திலிருந்து, அனத்தோலிய வழியில் வந்தது என்பதை 2024இல் வெளியான மரபணு ஆய்வு காட்டுகிறது. நோர்மானிய பிரபுக்கள் மதிலும் அகழியும் எடுத்து மான் பூங்காக்களை அமைத்தார்கள். 1300 அளவில் இங்கிலாந்தில் அவை மூவாயிரத்தை எட்டியிருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. வேட்டையாடிய மானைப் பங்கிடுவதிலும் தகுதி பார்க்கப்பட்டது: பின்தொடை பிரபுவுக்கு, தோள்பகுதி காவற்காரனுக்கு. கோட்டைகளில் பின்கால் எலும்புகளும் காவற்காரர் வீடுகளில் முன்கால் எலும்புகளும் மிகுந்து கிடைப்பதால் இது தெரியவந்தது. குப்பைமேட்டு எலும்பு ஒரு சமூகத்தின் படிநிலையைச் சொல்லிவிடுகிறது.

இந்து சமுத்திரத்தின் மான் வழிகள்

நமது கடலிலும் மான்கள் பயணம் செய்தன. ஜாவா, பாலித் தீவுகளுக்கு உரிய ருசா மான் அவற்றுக்குக் கிழக்கே சுலவேசி, மொலுக்கஸ், திமோர் வரை பரவியிருக்கிறது. அந்தத் தீவுகளுக்கு அதை மனிதரே கொண்டுபோனார்கள் என்பது விலங்கியலாளரின் முடிவு. அதே ருசா மான் மேற்கே மொறீசியஸ் தீவுக்குப் போன கதைக்கு ஆண்டும் ஆளும் தெரியும். 1639இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் ஆளுநராக அங்கு வந்த அட்ரியான் வான் டெர் ஸ்டெல், ஜாவாவிலிருந்து மான்களை வருவித்தார். அவை காட்டுக்குள் புகுந்து பெருகின. மொறீசியஸ் இன்றும் அந்த மான்களின் வழித்தோன்றல்களை வேட்டைக்கும் இறைச்சிக்கும் வளர்க்கிறது. அந்த ஆளுநரின் முடிவு நிகழ்ந்தது இலங்கையில். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் படைகளோடு ஏற்பட்ட மோதலில் 1646இல் அவர் கொல்லப்பட்டார்.

மொறீசியசுக்கு மான் அனுப்பிய கொம்பனியும், 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்துத் தீவுகளின் குதிரைகளுக்கும் யானைகளுக்கும் உரிமையாளராகிய கொம்பனியும் ஒன்றே. அதன் கண்ணில் ஜாவாவின் பத்தேவியாவும் மொறீசியசும் யாழ்ப்பாணமும் ஒரே வலையின் கண்ணிகள். கப்பலுக்கு இறைச்சி வேண்டிய இடத்தில் மானை விட்டது. படைக்கு வாகனம் வேண்டிய இடத்தில் குதிரையை வளர்த்தது.

இலங்கையிலும் மனிதர் கொண்டுவந்ததாகக் கருதப்படும் மான் ஒன்று உண்டு. தென்மேற்குத் தாழ்நிலத்தில் அம்பலாங்கொடை, எல்பிட்டிய பகுதிகளின் சதுப்புகளிலும் கறுவாத் தோட்டங்களிலும் ஒதுங்கி வாழும் பன்றிமான் அது. வட இந்தியாவிலிருந்து தென்கிழக்காசியா வரையிலான ஈரப் புல்வெளிகளுக்கு உரிய இந்த இனம், இடையில் தென்னிந்தியா முழுவதையும் தாண்டி இலங்கையின் ஒரு மூலையில் மட்டும் காணப்படுகிறது. இந்த இடைவெளியே ஐயத்துக்கு முதற்காரணம். போர்த்துக்கேயரோ ஒல்லாந்தரோ கொண்டுவந்து விட்டிருக்கவேண்டும் என்பதே நெடுங்காலமாகப் பெரும்பாலான இயற்கையியலாளரின் கருத்து. சில நூற்றாண்டுகளுக்குள் அது இங்கே மிக அருகிய உயிராகிவிட்டது. வந்தேறி என்று ஒதுக்குவதா, நமது என்று காப்பதா என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது; காப்பதென்ற பக்கமே இலங்கை சாய்ந்திருக்கிறது.

திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டையைச் சுற்றித் திரியும் புள்ளிமான்கள் இன்னொரு வகை. காட்டுக்குரிய விலங்கு கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் மனிதரோடு ஒட்டி வாழ்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகும் அடியவர்கள் அவற்றுக்கு உணவு கொடுக்கிறார்கள். தெருக்குப்பையிலுள்ள பிளாஸ்டிக்கையும் அவை தின்றுவிடுகின்றன. இனத்தால் காட்டுமான், வாழ்க்கையால் ஊர்மான்.

குதிரையின் தேவை

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குதிரை நன்றாகப் பெருகவில்லை. ஈர வெப்பமும் பொருந்தாத தீனியும் நோயும் அதற்குக் காரணங்கள். ஆனால் குதிரை இல்லாமல் அரசும் இல்லை. அதனால் கடல் வழியே குதிரை வருவது மிகப் பழைய வழக்கம். காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலில் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்ற இரு தமிழரும் குதிரை வணிகன் ஒருவனின் மக்கள் என்று மகாவம்சம் சொல்கிறது. கப்பலில் குதிரை கொண்டுவந்த குடும்பம் அரியணை வரை போகக்கூடிய அளவுக்கு அந்தத் தொழிலில் பணமும் செல்வாக்கும் இருந்திருக்கின்றன.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு அரபு, பாரசீகக் குதிரைகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்தன. மார்க்கோ போலோவும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் இதை எழுதியிருக்கிறார்கள். வந்த குதிரைகளில் பெரும்பங்கு ஓர் ஆண்டுக்குள் இறந்துபோயின என்பதையும், பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் இல்லாததே அதற்குக் காரணம் என்பதையும் அவர்கள் குறிப்பிடத் தவறவில்லை. இறந்தவற்றுக்கு ஈடாக மறுபடியும் இறக்குமதி. அரசின் பொன் மறுபடியும் வளைகுடாவுக்கு. இந்த ஓயாத செலவை அறிந்தவர்களுக்கு நயினாதீவுக் கல்வெட்டின் முக்கால் பங்குச் சலுகை வியப்பளிக்காது.

பராக்கிரமபாகுவுக்கு யானை வணிகத்திலும் அதே அக்கறை இருந்தது. 1160களில் அவன் இராமஞ்ஞ தேசம் எனப்பட்ட பர்மாவின் மீது கடற்படை அனுப்பினான். அந்நாட்டு அரசன் யானை விற்பனையைத் தடுத்ததும் விலையை ஏற்றியதும் அந்தப் போருக்கான காரணங்களில் அடங்கும் என்கிறது சூளவம்சம். விலங்கு வணிகத்துக்காகக் கடல் கடந்து போர் தொடுத்த அரசன்தான், ஊராத்துறை வணிகருக்கு அந்தச் சலுகையையும் எழுதிக் கொடுத்தான்.

ஊர்காவற்றுறையில் ஏறிய யானைகள்

காலம் மாறியபின் ஊர்காவற்றுறை யானை இறங்கும் துறையிலிருந்து யானை ஏறும் துறையாயிற்று. வன்னிக் காட்டில் பிடிக்கப்பட்ட யானைகள் வன்னிமைகளின் திறையாகவும் நேரடிப் பிடிப்பாகவும் யாழ்ப்பாணம் வந்தன. குடாநாட்டுக்குள் அவை நுழைந்த வழி ஆனையிறவு. யாழ்ப்பாண அரசர் காலத்து இந்த முறையை 1619இல் நாட்டைப் பிடித்த போர்த்துக்கேயரும் 1658இல் வந்த ஒல்லாந்தரும் அப்படியே தொடர்ந்தார்கள். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே நீருக்குள் நிற்கும் கடற்கோட்டை அந்த வாயிலுக்குக் காவலாயிற்று. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் யானை ஏலம் நடத்தினார்கள். கோல்கொண்டா, வங்காளம் வரையிலிருந்து வணிகர் வந்து வாங்கிச் சென்றார்கள். சாயவேர், புகையிலை, பனைமரம் ஆகியவற்றோடு யானையும் யாழ்ப்பாணக் கொம்மாந்தரியின் வருவாய்க்குத் தூணாக இருந்தது.

ஊர்காவற்றுறையில் யானை வெளியே போயிற்று. சற்றுத் தெற்கே நெடுந்தீவில் குதிரை உள்ளே வந்து பெருகியது.

ஏன் தீவு?

நெடுந்தீவு சுமார் 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள சுண்ணக்கல் மேடை. மண் ஆழமில்லை, பல இடங்களில் பாறை வெளியே தெரிகிறது. காணி எல்லைகளுக்குப் பவளக்கற்களை அடுக்கி மதில் எடுத்திருக்கிறார்கள். பனையும் பற்றைக்காடும் ஒருபுறம், தெற்கே பரந்த புல்வெளி மறுபுறம். மாரி மழையில் பசுமை. பின்பு நீண்ட கோடை. நல்ல தண்ணீர்க் கிணறுகள் சாறாப்பிட்டி போன்ற சில இடங்களில் மட்டும். மற்ற இடங்களில் உவர்நீர். குதிரைக்கு முன்பே இது மாட்டுக்குப் பேர்பெற்ற தீவு. பசுத்தீவு என்று தமிழில் வழங்கியதை அடியொற்றிப் போர்த்துக்கேயரும் மாடுகளின் தீவு என்றே அழைத்தார்கள்.

குதிரைப் பண்ணைக்கு இதைத் தெரிந்தெடுத்தவர்கள் நன்கு யோசித்தே செய்தார்கள். பெருநிலத்தில் சிறுத்தை உண்டு, இங்கே இல்லை. வன்னிக் காட்டு நோய்கள் இங்கே குறைவு. கடலே வேலி, தப்பி ஓடவும் முடியாது, திருடிக்கொண்டு போவதும் எளிதல்ல. உரோமானியனுக்கும் நோர்மானியனுக்கும் மதில் கட்டவேண்டியிருந்தது. இங்கே இயற்கையே அதைக் கட்டிக் கொடுத்திருந்தது. பாரசீகத்திலிருந்து ஆண்டுதோறும் வாங்கி ஆண்டுதோறும் சாகக் கொடுப்பதற்குப் பதிலாக, இந்த மண்ணுக்குப் பழகிய குதிரையை இங்கேயே பிறப்பிப்பதுதான் நோக்கம்.

போர்த்துக்கேயர் தொடங்கிய பண்ணையை ஒல்லாந்தர் விரிவாக்கினார்கள். தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள்: நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட், வேலணைக்கு லெய்டன், காரைதீவுக்கு அம்ஸ்டர்டாம், நயினாதீவுக்கு ஹார்லெம். இரணைதீவிலும் குதிரை வளர்த்தார்கள். யாழ்ப்பாணக் கொம்மாந்தர் ஹென்றிக் ஸ்வார்டெக்ரூன் தாம் இல்லாத காலத்தில் நிர்வாகிகளுக்கு வழிகாட்டியாக 1697இல் எழுதிவைத்த குறிப்பேட்டிலேயே இத்தீவுகளின் குதிரை வளர்ப்பு நிர்வாக விடயமாக இடம்பெறுகிறது. பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் லெப்டினன்ட் நோலன் என்ற அதிகாரி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெடுந்தீவில் ஆண்டுக்கணக்காக இருந்து நிர்வாகத்தையும் பண்ணையையும் கவனித்தார்.

பவளக்கல் தூண்கள் வரிசையாக நிற்கும் குதிரை லாயத்தின் இடிபாடுகள் அந்தக் காலத்தின் எச்சம். புறாக்கூடும் பழைய கோட்டையும் அப்படியே. தீவில் நிற்கும் பெருக்குமரமும் ஆபிரிக்காவுக்கு உரியது. அரபு வணிகர் வழியே வந்திருக்கவேண்டும் என்று கருதப்படுவது. நெடுந்தீவை இயற்கை அப்படியே விட்டுவைத்த ஓர் இடமாக எண்ணுவது தவறு. அதன் மரமும் மிருகமும் மதிலும் கடல்வழி வரலாற்றின் படிவுகள்.

எசமானர் போனபின்

19ஆம் நூற்றாண்டில் பண்ணை கைவிடப்பட்டது. தளவாடங்களை எடுத்துக்கொண்டு போனார்கள், குதிரைகள் தங்கிவிட்டன. கொல்லும் விலங்கு இல்லாத தீவில் அவற்றின் தொகையைப் புல்லும் தண்ணீருமே கட்டுப்படுத்தின. உருவம் சிறுத்து, உடம்பு இறுகி, தலைமுறைக்குத் தலைமுறை மனிதர் கைபடாமல் அவை வாழ்ந்திருக்கின்றன. தீவார் சிலவற்றைப் பிடித்துப் பழக்கியதும் உண்டு. ஆனால் பெருங்கூட்டம் கட்டாக்காலியாகவே திரிந்தது.

மனிதர் கொண்டுவந்து விட்டுப்போன விலங்குகளுக்கு உலகில் நேர்ந்தவை மூன்று வகைப்படும். முதலாவது அழிவு: உரோமானியரோடு வந்த மான்கள் உரோமானியரோடு போயின. இரண்டாவது அத்துமீறிய பெருக்கம். அந்தமான் தீவுகளுக்கு ஆங்கிலேயர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் புள்ளிமானைக் கொண்டுபோனார்கள். அங்கே அதைத் தின்னும் விலங்கு எதுவும் இல்லை. தீவுக்குத் தீவு நீந்திப் பரவி, காட்டின் இளங்கன்றுகளைத் தின்று, மறுதலைமுறை மரங்கள் எழுவதையே தடுக்கும் நிலை வந்தது. வன்னிக் காட்டில் அழகும் தேவையுமான அதே உயிர் அந்தமான் காட்டுக்குக் கேடாயிற்று. பிழை மானுடையது அல்ல. சிறுத்தை இல்லாத இடத்தில் மானை விட்டவருடையது.

மூன்றாவது வழி, சமூகம் அந்த விலங்கைத் தன்னுடையதாக ஏற்றுப் பொறுப்பெடுப்பது. கரீபியன் கடலின் பார்புடாத் தீவில் ஆங்கிலேயத் தோட்டத்துரைகள் விட்ட டமா மான் இன்று அன்ரிகுவா பார்புடா நாட்டின் அரச இலச்சினையில் இடம்பெற்றிருக்கிறது. அடிமை முறையின் காலத்தில் எசமானரின் வேட்டைக்காகக் கொண்டுவரப்பட்ட மான் அது. அடிமைகளின் வழித்தோன்றல்கள் அதைத் தங்கள் நாட்டின் அடையாளமாக்கிக்கொண்டார்கள்.

நெடுந்தீவு இந்த மூன்றுக்கும் நடுவே நிற்கிறது. 2015இல் தீவின் ஒரு பகுதி, 1,800 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம், தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வந்தது. ஆனால் அறிவிப்பு தண்ணீராவதில்லை. கடும் வரட்சி வரும் ஆண்டுகளில் குதிரைகள் இறக்கின்றன. குட்டைகள் வற்றியபின் அவை ஊர்ப்பக்கம் வந்து கிணற்றடியிலும் தொட்டியடியிலும் நிற்கின்றன. குடிக்கத் தங்களுக்கே நல்ல தண்ணீர் போதாத குடும்பங்கள் அவற்றுக்கும் அள்ளி ஊற்றுகிறார்கள். அதே புல்லை நம்பி ஊரவரின் மாடுகளும் ஆடுகளும் இருக்கின்றன. குதிரையைப் படம்பிடிக்கப் படகேறி வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிவதில்லை. தீவில் வாழ்கிறவர்களுக்கு ஒவ்வொரு கோடையும் இந்தக் கணக்கோடுதான் கழிகிறது.

செய்யவேண்டியவை

நெடுந்தீவுக் குதிரையைப் பற்றி இருவிதமாகப் பேசப்படுகிறது. ஒன்று, இது இயற்கையான காட்டு விலங்கு, ஆகவே அதன் போக்கில் விட்டுவிடவேண்டும் என்பது. மற்றது, இது அந்நியர் கொண்டுவந்தது, நமக்கு எதற்கு என்பது. இரண்டும் வரலாற்றைப் பாதியோடு நிறுத்துகின்றன. இயற்கை அதைத் தண்ணீரில்லாத சுண்ணக்கல் தீவில் விடவில்லை, மனிதர் விட்டார்கள். ஆகவே வரட்சியில் அது சாவதை இயற்கையின் கணக்கில் எழுதித் தப்பிக்க முடியாது. அந்நியர் கொண்டுவந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த லாயத்துத் தூண்களுக்குப் பவளக்கல் சுமந்தவர்களும் குதிரைக்குத் தண்ணீர் இறைத்தவர்களும் இந்தத் தீவார். நான்கு நூற்றாண்டுகளை ஒட்டிய கூட்டு வாழ்வின் பின் அந்தக் குதிரை யாருடையது என்ற கேள்விக்கு விடை ஒன்றுதான். இனி அது நம்முடையது, அதன் பொறுப்பும் நம்முடையது.

அந்தப் பொறுப்பின் முதற்பகுதி தண்ணீரும் மேய்ச்சலும். கோடைக்கு முன்பே தூர்வாரி மழைநீரைத் தேக்கும் குட்டைகள், புல்வெளியிலேயே தொட்டிகள், குதிரைக்கும் ஊர் மாட்டுக்கும் பங்கிட்ட மேய்ச்சல் நிலம். இந்தத் திட்டம் தீவாரோடு உட்கார்ந்து போடப்படவேண்டும். எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எவருக்கும் தெரியாது. தண்ணீர் மிகுந்தால் தொகையும் மிகும். ஆகவே எண்ணிக்கையை ஆண்டுதோறும் கணக்கெடுத்து, தீவு தாங்கும் அளவைத் தீர்மானிப்பதும் இதோடு சேரவேண்டும்.

இரண்டாவது ஆய்வு. ஐரோப்பியர் தங்கள் மான்களுக்குச் செய்ததை யாழ்ப்பாணம் தன் குதிரைகளுக்குச் செய்யலாம். இறந்த குதிரையின் பல்லும் மயிரும் போதும். அரபுக் குதிரையா, பாரசீகமா, கிழக்குத் தீவுகளின் மட்டக்குதிரையா, எல்லாம் கலந்ததா என்பதை மரபணு சொல்லிவிடும். அல்லைப்பிட்டியில் சொங் காலத்துச் சீனப் பாண்டங்கள் கிடைத்திருக்கின்றன. ஆனைக்கோட்டையும் கந்தரோடையும் அகழப்பட்டிருக்கின்றன. இனி இங்கே அகழும் எவரும் மட்பாண்டத்துக்கும் காசுக்கும் கொடுக்கும் கவனத்தை விலங்கெலும்புக்கும் கொடுக்கவேண்டும். பராக்கிரமபாகுவின் காலத்தில் ஊராத்துறையில் இறங்கிய குதிரை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லக்கூடிய ஒரு பல் நம் மண்ணுக்குள் இருக்கலாம். அதைக் குப்பையென்று வீசினால் சான்றையே வீசியவர்களாவோம்.

மூன்றாவது ஓர் எச்சரிக்கை. அழகுக்காகவோ சுற்றுலாவுக்காகவோ இந்தத் தீவுகளில் புதிதாக எந்த விலங்கையும் இறக்கக்கூடாது, மான் உட்பட. சைப்பிரசிலும் மொறீசியசிலும் அந்தமானிலும் விலங்கை இறக்கியவர்கள் எவரும் அதன் நூறாவது தலைமுறையைப் பற்றி யோசிக்கவில்லை. யோசிக்கும் அறிவு இப்போது நம்மிடம் இருக்கிறது.

நயினாதீவுக் கல்வெட்டை எழுதுவித்த அரசு உடைந்த கப்பலின் விலங்குகளில் யாருக்கு எத்தனை பங்கு என்று தீர்மானித்தது. நெடுந்தீவில் பங்கு கேட்க எவரும் மிஞ்சவில்லை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பது பராமரிப்பு மட்டும். அதை அடுத்த வரட்சிக்கு முன் தொடங்கவேண்டியவர்கள் திணைக்களமும் பிரதேச செயலகமும் பல்கலைக்கழகமும், தீவைத் தங்கள் ஊர் என்று சொல்லும் புலம்பெயர்ந்த நெடுந்தீவு மக்களும்.